நான்காமவள்

தமிழில் 'குறு' என்னும் அடைமொழிக்குத் தனிப் பெருமை உண்டு. குறள் என்கிறோம், குறுந்தொகை என்கிறோம். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அடங்கிவிடும் பாடல்களை ஒருங்கு திரட்டியவர்கள், அத்தொகைக்கு அவ்வாறு பெயரிட்டபோது, நெடுந்தொகைப் பாடல்களைவிட இவை தாழ்ந்தவை என்று கருதவில்லை. அடியின் எண்ணிக்கை வேறு, அருமை வேறு. இந்த உண்மையை வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவள் நான். ஆயினும் வகுப்பறையை விட்டு வெளியேறி விளையாட்டுத் திடலில் நின்ற ஒரு நாளில் அந்த உண்மையை நானே மறந்துவிட்டேன். அந்த மறதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பினாங்குத் தீவில் ஆசிரியப் பணி ஆற்றிய எவருக்கும் ஆண்டின் தொடக்க மாதங்கள் என்றால் குறுக்கோட்டம் நினைவுக்கு வரும். மலாயில் 'மெரெந்தாஸ் டேசா' என்று வழங்கும் அவ்வோட்டத்தையே தமிழ்ப்பள்ளிகளில் குறுக்கோட்டம் என்கிறோம். கோடு கிழித்த வட்டப் பாதையில் ஓடுவது அன்று அது. புல்வெளி, சேறு, மேடு, பள்ளம், மரத்தின் வேர் எனப் பாதை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதனை ஏற்றுக்கொண்டு ஓட வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தால் மறுநாள் ஓட்டமே வேறாகிவிடும்.

இந்த ஓட்டத்திற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதில் ஒருவரின் வெற்றி வேறு, அணியின் வெற்றி வேறு. எங்கள் போட்டியில் ஓர் அணியின் சார்பில் ஆறு பிள்ளைகள் ஓடுவார்கள். அவர்களுள் முன்னால் வரும் நால்வர் எத்தனையாவது இடத்தில் வந்தனர் என்று பார்த்து, அந்த நான்கு எண்களையும் கூட்டுவார்கள். எந்த அணியின் கூட்டுத்தொகை மிகக் குறைவோ அந்த அணியே வென்ற அணி. நால்வர் ஓடி முடிக்காத அணிக்கு இடமே கிடையாது. ஆகவே முதலில் வந்தவளின் எண்ணுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புத்தான் நான்காவதாக வந்தவளின் எண்ணுக்கும். விதி மிக எளியது. ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

1987ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து ஆறு பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தண்ணீர்மலை அடிவாரத்துப் பூங்காப் பகுதிக்குச் சென்றிருந்தேன். ஆண்பிள்ளைகளுக்கு மூன்று சுற்று. பெண்பிள்ளைகளுக்கு இரண்டு சுற்று. ஏன் இந்த வேறுபாடு என்று அன்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் அணியில் ஒரு பிள்ளை காற்றைப் போல ஓடுவாள். பள்ளியின் நம்பிக்கையெல்லாம் அவள்மீதே இருந்தது. மற்றவர்கள் எண்ணிக்கைக்காக வந்தவர்கள் என்பதே என் எண்ணம். அவர்களுள் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு மாணவி. துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகள். மெலிந்த உடல், அதிகம் பேசமாட்டாள். பயிற்சிக்கு ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. ஒரு நாளும் முன்னணியில் வந்ததும் இல்லை.

போட்டி முடிந்தது. எங்கள் வேகக்காரி இரண்டாவதாக வந்தாள். அடுத்த இருவர் ஒன்பதாவதாகவும் பதினான்காவதாகவும் வந்தனர். பிறகு நெடுநேரம் எங்கள் பள்ளியின் சட்டை கண்ணில் படவே இல்லை. கடைசிச் சரிவில், ஈரப் புல்லில் கால் வழுக்க, அந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வருவதைப் பார்த்தேன். அவளுக்கு முன்னால் மூவர் ஓடிக்கொண்டிருந்தனர். அந்தச் சரிவுக்குள் அம்மூவரையும் ஒருவர்பின் ஒருவராகக் கடந்து வந்துவிட்டாள். முடிவுக்கோட்டில் அவள் கையில் கொடுத்த அட்டையில் 31 என்று எழுதியிருந்தது. அவள் அந்த அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, குழாயடிக்குப் போய்க் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவத் தொடங்கினாள். நாங்களோ இரண்டாவதாக வந்தவளைச் சூழ்ந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று அணிப் பிரிவில் எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. அன்றிரவு வீட்டில் அறிக்கை எழுதும்போதுதான் கணக்கைக் கூர்ந்து பார்த்தேன். இரண்டு, ஒன்பது, பதினான்கு, முப்பத்தொன்று, மொத்தம் ஐம்பத்தாறு. எங்களுக்கு அடுத்து வந்த பள்ளிக்கு ஐந்து, பதினொன்று, பதினேழு, இருபத்தைந்து, மொத்தம் ஐம்பத்தெட்டு. இரண்டே புள்ளி வேறுபாடு. கடைசிச் சரிவில் அவள் கடந்த அம்மூவரும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் அல்லர். அவர்களை அவள் கடவாமல் இருந்திருந்தால் அவள் எண் முப்பத்துநான்கு; எங்கள் தொகை ஐம்பத்தொன்பது; கோப்பை அடுத்த பள்ளிக்குப் போயிருக்கும். அந்தக் கோப்பையை வென்று தந்தவள், குழாயடியில் தனியாக நின்று கால் கழுவிக்கொண்டிருந்த பிள்ளை.

கணக்கு விளங்கியது. ஆனால் அதனை நான் அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக் கூட்டத்தில் இரண்டாவதாக வந்தவளின் பெயரை வாசித்தேன். 'மற்றும் அணியினர்' என்று முடித்துக்கொண்டேன். வேண்டும் என்று செய்ததன்று. அப்படித்தான் வழக்கம் என்று செய்தேன்.

அடுத்த ஆண்டு அவள் ஆறாம் வகுப்பு. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் தந்தையார் பள்ளிக்கு வந்தார். பணிவான மனிதர். தலையைக் குனிந்துகொண்டே, 'பிள்ளை பெரியவளாயிட்டா, டீச்சர். இனி இந்த ஓட்டமெல்லாம் வேண்டாம். நாலு பேர் பார்த்தா ஒரு மாதிரி பேசுவாங்க' என்றார். நான் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. 'சரிங்க ஐயா' என்றேன். அவர் படியிறங்கும் முன்பே பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு வேறொரு பிள்ளையின் பெயரை எழுதினேன். அவ்வளவு எளிதாக அது முடிந்துபோயிற்று.

என் உள்ளத்தை நேர்மையாக ஆராய்ந்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று வந்து நின்றவர் எங்கள் வேகக்காரியின் தந்தையாராக இருந்திருந்தால் நான் அவரை விட்டிருக்க மாட்டேன். வீடு தேடிச் சென்று தாயாரிடம் பேசியிருப்பேன்; தலைமையாசிரியரை அழைத்துச் சென்றிருப்பேன். இவள் நான்காமவள்தானே என்று எண்ணியதால்தான் வாய் மூடி இருந்தேன். அந்த ஆண்டுப் போட்டியில் எங்களில் மூவர் நன்றாகவே ஓடினர். மற்ற இருவர் பாதி வழியிலேயே நின்றுவிட்டனர். புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நால்வர் முடிக்காத அணிக்கு இடமில்லை என்னும் விதி எங்கள்மீது விழுந்தது.

காலம் ஓடியது. 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாள், ஆசிரியர் அறையில் கிடந்த நாளேட்டின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அயர்லாந்தின் டப்லின் நகரில், லெப்பர்ட்ஸ்டவுன் குதிரைப் பந்தயத் திடலில் நடைபெற்ற உலகக் குறுக்கோட்டப் போட்டியைப் பற்றி ஒரு சிறு செய்தி இருந்தது. மகளிர் குறுந்தொலைவு ஓட்டத்தில் கென்யாவைச் சேர்ந்த ஈடித் மசாய் வெற்றி பெற்றார் என்பது அச்செய்தி. அவர் சிறைத்துறையில் பணிபுரிபவர். ஒரு பிள்ளைக்குத் தாய். அடுத்த மாதம் முப்பத்தைந்து வயதை எட்டப் போகிறவர். முப்பத்தைந்து என்னும் எண்ணைக் கண்டு வியந்தேன். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் முடிந்துபோன ஓட்டம், அந்தத் தாய்க்கு அந்த வயதில்தான் உச்சத்தை எட்டியது. அவர் அதோடு நிற்கவும் இல்லை. 2003இல் லொசானுக்கு அருகிலும் 2004இல் பிரசெல்சிலும் அதே ஓட்டத்தில் மீண்டும் வென்றார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டம் அவருடையதாக இருந்தது.

அதன்பின் அந்த ஓட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் பள்ளித் திடலின் கதையையே உலக அளவில் படிப்பதாகத் தோன்றியது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்த சிலர் களைத்துச் சாய்ந்தனர் என்பதைப் பெரிதுபடுத்தி, பெண்ணுடல் இதனைத் தாங்காது என்று எழுதினார்கள். களைத்துச் சாய்ந்த ஆண்களைப் பற்றி எவரும் அப்படி எழுதியதில்லை. அதன்பின் 1960இல் ரோம் நகரில்தான் பெண்களுக்கு அவ்வோட்டம் மீண்டும் கிடைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கதவு சாத்தப்பட்டிருந்தது. குறுக்கோட்டத்தின் கதையும் அதுவே. ஆண்களுக்கான பன்னாட்டுப் போட்டி 1903இல் தொடங்கியது. மகளிருக்கு அங்கே முறையான இடம் கிடைத்ததோ 1967இல், வேல்சு நாட்டின் பாரி என்னும் ஊரில்.

1998இல் மொராக்கோவின் மராக்கேசு நகரில் நடந்த உலகப் போட்டியில், நெடுந்தொலைவோடு குறுந்தொலைவு ஓட்டம் ஒன்றையும் சேர்த்தார்கள். நான்கு கிலோமீட்டர், ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே. நெடுந்தொலைவில் ஆண்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றும் பெண்களுக்கு எட்டுக் கிலோமீட்டர் என்றும் பிரித்திருந்த காலத்தில், குறுந்தொலைவில் மட்டும் இருபாலர்க்கும் ஒரே அளவுகோல் இருந்தது. மூன்றுக்கு இரண்டு என்னும் அந்த விகிதத்தைப் பார்த்தபோது என் பள்ளித் திடலின் மூன்று சுற்றும் இரண்டு சுற்றும் நினைவுக்கு வந்தன. முதல் ஆண்டில் அயர்லாந்தின் சோனியா ஓசலிவன் குறுந்தொலைவு, நெடுந்தொலைவு இரண்டிலும் வென்றார். 2005இல் எத்தியோப்பியாவின் இளநங்கை திருனேசு டிபாபாவும் இரண்டிலும் வென்றார். 2006இல் சப்பானின் புக்குவோக்கா நகரில் நடந்ததோடு குறுந்தொலைவு ஓட்டம் நின்றுபோயிற்று. நெடுந்தொலைவில் ஆணும் பெண்ணும் ஒரே அளவாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் நிலை 2017இல், உகாண்டாவின் கம்பாலா போட்டியில்தான் வந்தது. ஒரு சுற்றுக் குறைக்கப்பட்டதன் காரணத்தை உலகம் தன்னையே கேட்டுக்கொள்ள அத்தனை ஆண்டுகள் ஆயின.

அந்த டப்லின் போட்டியில் இன்னொரு செய்தியும் என்னைத் தொட்டது. குறுந்தொலைவில் அயர்லாந்து மகளிர் எவரும் முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. முன்னாள் வெற்றியாளர் சோனியா ஓசலிவனே ஏழாவதாகத்தான் வந்தார். ஆயினும் அவர்கள் அணியாக வெண்கலம் வென்று, தம் ஊர் மக்களின் முன்னே மேடையேறி நின்றனர். அங்கும் நால்வரின் எண்களையே கூட்டினர். பெயர் பெற்றவரின் எண்ணோடு அத்துணைப் பெயர் பெறாதவர்களின் எண்களும் சேர்ந்தே அந்தப் பதக்கம் ஆயிற்று. அன்று ஆசிரியர் அறையில் நாளேட்டை மடித்து வைத்த பிறகும் என் கண்முன் குழாயடியே நின்றது.

நம் பெண்களுக்கு ஓட்டம் புதிதும் அன்று. எம். இராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் சார்பில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். சிங்கப்பூரின் க. ஜெயமணி 1977இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் வென்றார். 1983இல் நெடுந்தொலைவு மராத்தானிலும் வென்றார். இவர்களின் பெயர்கள் அந்தத் தந்தையார் பள்ளிப் படியேறி வந்த நாளில் எனக்குத் தெரியாதவை அல்ல. அவற்றுள் ஒன்றையேனும் அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சங்கப் பாடல்களில் உடன்போக்குப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் செவிலித்தாயின் புலம்பலை விளக்குவோம். பந்தாடினாலே சிவந்துபோகும் என் மகளின் சிற்றடி, கல்லும் முள்ளும் நிறைந்த பாலை வழியை எப்படிக் கடக்குமோ என்று அவள் கலங்குவாள். மகளோ கடந்து போய்க்கொண்டே இருப்பாள். அந்தத் துறையை இப்போது நினைக்கும்போது எனக்கு வேறொன்று படுகிறது. தாயின் அன்பில் குறையில்லை. மகளின் கால்வலிமையைப் பற்றிய அவள் கணக்கில்தான் குறை. நாம் அன்பினால் செய்கிற தவறுகள் பல இத்தகையவை. தோட்டப்புறத்தில் விடியுமுன் எழுந்து, பால்வாளியைச் சுமந்து, மரத்துக்கு மரம் நடந்து நடந்து குடும்பத்தைக் காத்தவர்கள் நம் பாட்டிமார். அவர்கள் நடந்த தொலைவை எவரும் அளந்ததில்லை. பெண்ணுக்கு ஆகாது என்று எவரும் தடுத்ததும் இல்லை. கூலிக்கு நடந்தால் இயல்பு. களிப்புக்கு ஓடினால் நாலு பேர் பேசுவார்கள்.

2013ஆம் ஆண்டுத் தைப்பூசத்தின்போது நான் தண்ணீர்மலைச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்துகொண்டிருந்தேன். அதற்கு முந்திய ஆண்டுதான் மலைமேல் பாலதண்டாயுதபாணிக்குப் புதிய கோயில் எழும்பிக் குடமுழுக்கு நடந்திருந்தது. ஐந்நூற்றுப் பதின்மூன்று படிகள். ஊருக்குள்ளிருந்து வெறுங்காலுடன் நடந்து வந்து, தலையில் பால்குடத்தோடு அப்படிகளை ஏறுகிறவர்களில் எத்தனை எத்தனை பெண்கள்! தாரில் நடந்து வந்த கால்கள் கொதித்துப்போகும் என்பதனால் பந்தலில் நிற்கும் நாங்கள் அவர்கள் பாதங்களில் தண்ணீர் ஊற்றுவோம்.

கூட்டம் சற்று நின்ற ஒரு வேளையில், ஒரு பெண்ணின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். 'டீச்சர்' என்று மெல்லிய குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். கால்களைப் பார்த்தபோது அடையாளம் தெரியாத எனக்கு, முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பக்கத்தில் மஞ்சள் உடையில் ஒரு சிறுமி, அவள் மகள். நலம் விசாரித்தோம். பேச நேரமில்லை, வரிசை எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. நெஞ்சில் நெடுநாள் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டேன். 'ஐந்தாம் வகுப்பில் ஓடினாயே, அந்தக் குறுக்கோட்டம் நினைவிருக்கிறதா, அம்மா?'

அவள் சிரித்தாள். 'மறக்குமா, டீச்சர்? முப்பத்தொன்றாவதா வந்தேன். எல்லாருக்கும் கடைசியா.'

அந்த எண்ணை அவள் மறக்கவில்லை. ஆனால் அதனை ஒரு குறையாகவே இத்தனை ஆண்டுகளும் சுமந்திருந்தாள். நான் அங்கேயே, கையில் வாளியோடு நின்று, அந்தக் கூட்டல் கணக்கைச் சொன்னேன். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, அவள் கடந்த மூவர், நாங்கள் பெற்ற கோப்பை. தலையில் குடம் இருந்ததால் அவளால் தலையை அசைக்க முடியவில்லை. கண்கள் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தவள் பிறகு சொன்னாள்: 'அன்றைக்கே சொல்லியிருந்தா, அப்பாகிட்ட நான் சொல்லியிருப்பேன், டீச்சர்.'

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விடை சொல்லுமுன் வரிசை நகர்ந்தது. மகளை முன்னே விட்டு, அவள் படியில் கால் வைத்தாள். ஒரு கையால் குடத்தைப் பற்றியபடி, முதல் திருப்பம் வரை ஒரே சீராக ஏறிச் சென்றாள். அவளுக்கு முன்னால் சென்றவர்களில் சிலர் மூச்சு வாங்க ஓரமாக நின்றார்கள். அவள் நிற்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பணி ஓய்வு பெறும் வரை, வெற்றி பெற்ற பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிக் கூட்டத்தில் வாசிக்க நேரும்போதெல்லாம், நான்காவது பெயரை முதலில் வாசித்தேன். அந்தப் பிள்ளையின் எண் எங்கள் கூட்டுத்தொகையில் என்ன செய்தது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். தந்தையார் எவரேனும் பள்ளிப் படியேறி வந்தால், அவர் பேசி முடித்த பிறகு நானும் பேசினேன். சில வேளைகளில் என் சொல் எடுபட்டது. சில வேளைகளில் எடுபடவில்லை. ஆனால் பட்டியலில் ஒரு பெயரை அடிக்கும் பேனாவை அவ்வளவு விரைவாக நான் மீண்டும் எடுக்கவில்லை.

உலகப் போட்டியில் குறுந்தொலைவு ஓட்டம் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தது. என் மாணவியின் ஓட்டம் ஓர் ஆண்டே வாழ்ந்தது. குறுகியது என்பதனால் எதுவும் சிறியது ஆகிவிடாது என்று குறுந்தொகையை வைத்துப் பாடம் நடத்தியவளுக்கு, அந்தப் பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் தலையில் பால்குடத்தோடு ஒருத்தி வர வேண்டியிருந்தது. ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: கணக்கு உங்களுக்கு விளங்கிய அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே ஓடிக்கொண்டிருப்பாள் என்பதற்கு உறுதி இல்லை.